ஆக்ராவில் ஒரு பகல்

தாஜ்மஹாலைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் செய்யும் முதற் பிழை, அதை வர்ணிக்க முயல்வதுதான். அந்தப் பிழையைச் செய்வதாக எங்களுக்கு உத்தேசமில்லை. நேயர்கள் அந்தக் கட்டிடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பார்கள். பிஸ்கோத்துத் தகர டப்பாவின் மூடியிலாவது பார்த்திருப்பார்கள். எங்கள் நோக்கம் வேறு. டில்லியிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டு, ஆக்ராவைப் பார்த்துவிட்டு, இராச் சாப்பாட்டுக்கு டில்லிக்கே திரும்பிவிட்ட ஒரு பகற் பொழுதில், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் இங்கே சொல்லப் போகிறோம். கண்ணால் கண்டது ஒன்றும் காதால் கேட்டது வேறொன்றுமாக இருந்தபடியால்தான் இதை எழுதவே நேர்ந்தது.

ஒரு கலியாணத்துக்காக டில்லிக்குப் போயிருந்தோம். கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவர், பத்து வயதுப் பையன் ஒருவன், அவனுடைய பாட்டி. கலியாணம் முடிந்தபின் இரண்டு நாள் மிச்சமிருந்தது. முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மஹால் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம். இதை அறியாமல் அந்தத் தினத்தில் ஆக்ராவுக்குப் போய், மதிற்சுவரை மட்டும் தரிசித்துத் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே நாங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

ரயில் டிக்கட், ஆக்ராவில் மோட்டார், மத்தியானச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கிக் கொள்ளும் ஒரு கம்பெனியாரிடம் பணத்தைக் கட்டினோம். அவர்கள் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில், "தாஜ்மஹால், இதிமத்-உத்-தௌலா சமாதி, ஆக்ராக் கோட்டை" என்று மூன்று இடங்கள் அச்சிட்டிருந்தன. இரண்டாவதாகச் சொன்ன இடத்தை நாங்கள் பார்க்கவில்லை. அதன் காரணம் பின்னால் தெரியும்.

ரயிலில்

டில்லியிலிருந்து ஒரே பகலில் ஆக்ராவைப் பார்த்துத் திரும்பும் வழக்கம் புதிதன்று. 1964-ஆம் ஆண்டில் இதற்கென்றே 'தாஜ் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு வண்டி விட்டார்கள். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓடத் தொடங்கிய 'கதிமான் எக்ஸ்பிரஸ்' அதையும் மிஞ்சிவிட்டது. ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து ஆக்ரா கண்டோன்மெண்டுக்கு 188 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை அது நூறு நிமிஷத்தில் கடக்கிறது. உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். ஆக்ராவோடு நில்லாமல், ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய ஸ்டேஷன் வரை போகிறது. நாங்கள் சென்ற அன்று காலை 8-10 மணிக்குச் சரியாகப் புறப்பட்டது.

தை மாதக் கடைசி. வெளியே மூடுபனி; ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டியது போல் இருந்தது. சிற்றுண்டித் தட்டுகள் வந்து, அவற்றைக் காலி செய்த சமயத்தில் பனி கொஞ்சம் விலகிற்று. கடுகு வயல்கள் மஞ்சள் பூத்துத் தெரிந்தன. திடீரென்று ஒரு ஸ்டேஷன் பளிச்சென்று வந்து மறைந்தது. பெயர்ப் பலகையைப் பையன் மட்டுந்தான் படித்தான். "பல்வல்" என்றான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தேசம் கொந்தளித்துக் கொண்டிருந்த 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பஞ்சாபுக்குப் புறப்பட்ட காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கிக் காவலில் கொண்டுபோன இடம் இந்தப் பல்வல் ஸ்டேஷன்தான். அங்கிருந்து அவரை மதுராவுக்குக் கொண்டுபோய், பிறகு பம்பாய்க்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே மாதம் 13-ஆம் தேதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. இவ்வளவு பெரிய சரித்திரம் படிந்த பிளாட்பாரம் எங்கள் கண்முன் இருந்த நேரம் பதினைந்து விநாடிகூட இராது. அதைப் பையனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மதுராவும் வந்து போயிற்று. பாட்டி மட்டும் கிருஷ்ணன் பிறந்த ஊரை நோக்கிக் கை கூப்பினாள். 160 கிலோமீட்டர் வேகத்தில் கூப்பிய அந்தக் கை இறங்கியபோது ஊர் வெகு தூரம் பின்னால் போயிருந்தது.

வழிகாட்டி

ஆக்ரா ஸ்டேஷன் வாசலில் எங்கள் பெயரை எழுதிய அட்டையுடன் வழிகாட்டி நின்றார். ஐம்பது வயதிருக்கும். பழுப்புக் கோட்டு, கழுத்தில் சர்க்கார் கொடுத்த அடையாளச் சீட்டு. ஆங்கிலமும் ஹிந்தியும் சரளமாகப் பேசினார். எங்களை "ஸார்" என்றும், பாட்டியை "மாதாஜி" என்றும் அழைத்தார். பாட்டி சிறு பெண்ணாய் இருந்தபோது ஹிந்திப் பிரசார சபையின் பரீட்சைகளை ஒவ்வொன்றாய்த் தேறி 'விசாரத்' வரை போனவள். அந்த ஹிந்தியைப் பல வருஷங்களாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். இப்போது அதை எடுத்து உதறி அவரிடம் பேசவே, மனிதர் மிகவும் சந்தோஷமடைந்தார்.

தாஜ்மஹாலின் அருகே மோட்டார் போகக்கூடாது. புகையினால் சலவைக்கல் கெட்டுவிடுகிறது என்பதற்காக வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. இதே காரணத்துக்காக ஆக்ராவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டுவிட வேண்டும், அல்லது வெளியேற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே, பாட்டரி வண்டியில் ஏறி வாசலுக்குப் போனோம்.

செந்நிறக் கல்லால் ஆன பெரிய வாயில். அதன் இருண்ட வளைவுக்குள் நுழைந்ததும், எதிரே வெளிச்சத்தில், பனியும் வெயிலும் கலந்த வேளையில், அது நின்றது. வர்ணிப்பதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டோம். பையன் என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்லலாம். அவன் ஒரு நிமிஷத்துக்குமேல் வாய் மூடி இருந்ததை நாங்கள் பார்த்ததில்லை. அன்று, வாயிலிலிருந்து நடுக் குளம் வரையில் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தான். பிறகு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, இதை யார் கட்டினார்கள்?" என்று கேட்டான்.

வழிகாட்டி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் ஆரம்பித்தார். மும்தாஜ் பேகம் 1631-ஆம் ஆண்டில் பர்ஹான்பூரில் தமது பதினான்காவது குழந்தையைப் பெற்றபோது இறந்தது, ஷாஜஹான் சக்கரவர்த்தி சோகத்தில் ஆழ்ந்தது, அடுத்த வருஷமே இந்த வேலையைத் தொடங்கியது, ராஜபுதனத்து மக்ரானாவிலிருந்து சலவைக்கல் வந்தது எல்லாவற்றையும் அழகாகச் சொல்லி வந்தார். மேடைமேல் ஏறிப் பாதங்களுக்கு உறை மாட்டிக்கொண்டோம். உள்ளே, மேல் கல்லறைகளைச் சுற்றியுள்ள சலவைக்கல் தட்டியில் பதித்த ஒரு சிவப்புக் கல்லின்மேல் அவர் சிறு விளக்கை வைத்துக் காட்டினார். கல்லுக்குள் தீப்பொறி விழுந்ததுபோல் பூ ஒளிவிட்டது. பையன், "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்றான்.

வெளியே வந்து யமுனையைப் பார்த்த பக்கம் நின்றோம். அப்போது வழிகாட்டி குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"இருபதினாயிரம் பேர் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தார்கள். வேலை முடிந்த அன்று பாதுஷா என்ன செய்தார் தெரியுமா? இதைப் போல் இன்னொன்றை எவனும் கட்டக்கூடாது என்று அத்தனை பேருடைய கைகளையும் வெட்டிப் போட்டுவிட்டார்!"

பிறகு அக்கரையைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஷாஜஹான் தமக்காகக் கறுப்புச் சலவைக்கல்லில் இன்னொரு தாஜ்மஹால் கட்டத் தொடங்கினாராம். அதற்குள் மகன் சிறையில் போட்டுவிட்டானாம்.

கறுப்புத் தாஜ்மஹாலைப் பையன் கவனிக்கவே இல்லை. தன்னுடைய கைகள் இரண்டையும் பார்த்துக் கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, மேடையின் ஓரத்தில் கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விட்டான். போட்டோ எடுக்கக் கூப்பிட்டோம், வர மறுத்தான். "எனக்கு இது பிடிக்கவில்லை. ஊருக்குப் போகலாம்" என்றான்.

எங்களுக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அது சரித்திரமல்ல என்று படித்திருந்தோம். ஆயினும், நாலு பேர் நடுவில் வழிகாட்டியை மறுத்துப் பேசுவது மரியாதையாய் இராது என்று சும்மா இருந்துவிட்டோம். ஒரு குழந்தை காலை முழுவதும் அடைந்த ஆனந்தம் எங்கள் மரியாதையினால் பாழாகிக் கொண்டிருந்தது.

சாணைச் சக்கரம்

சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் இதிமத்-உத்-தௌலா சமாதிக்குப் போகும் என்று எதிர்பார்த்தோம். அது நூர்ஜஹான் தம்முடைய தகப்பனாருக்காகக் கட்டியது, 1628-ல் முடிந்தது, சலவைக்கல்லில் வர்ணக் கற்களைப் பதிக்கும் வேலை தாஜ்மஹாலுக்கு முன்பே அங்கே சிறந்து விளங்கிற்று. மோட்டாரோ ஒரு கடை வாசலில் போய் நின்றது. "வாங்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை, ஸார், சும்மா பார்த்தால் போதும்" என்றார் வழிகாட்டி. உல்லாசப் பிரயாணம் செய்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும்.

கடையின் முன்புறத்தில், ஜன்னலோரமாக, நாலு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்து கொண்டிருந்தார்கள். மூத்தவருக்கு எழுபது வயது இருக்கலாம். ஒரு கையால் சிறிய சாணைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, மற்றக் கையின் விரல் நுனிகளால் ஒரு கல் துண்டை அதில் அழுத்திப் பிடித்திருந்தார். அரிசி மணியில் பாதி அளவு. அதுதான் ஒரு பூவின் இதழாகப் போகிறது. பக்கத்தில் ஒரு சலவைக்கல் பலகை. அதன்மேல் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். சாயத்தின்மேல் ஊசியால் கோலம் கீறினால் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின்படி சிற்றுளியால் குழி பறித்து, குழிக்குச் சரியாகக் கல்லைத் தேய்த்து, பிசின் வைத்துப் பதிக்க வேண்டும். தலைமயிர் அகலம் இடைவெளி இருந்தாலும் பூ பூவாக இராது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும், சிவப்புக் கார்னீலியனும், பச்சை மாலகைட்டும் சிறு கிண்ணங்களில் கிடந்தன. "முன்னூற்றெழுபது வருஷத்துக்கு முன் தாஜ்மஹாலில் செய்த வேலையும் இதே முறைதான்" என்றார் கடைக்காரர்.

பையன் பெரியவரின் எதிரே போய் உட்கார்ந்தான். அவருடைய கைகளையே பார்த்தான். பிறகு பாட்டியிடம், "இவர் தாத்தாவுக்குத் தாத்தாவின் கையையும் வெட்டி விட்டார்களா என்று கேள், பாட்டி" என்றான்.

பாட்டி தயங்கினாள். பிறகு தன்னுடைய பரீட்சை ஹிந்தியில் அப்படியே கேட்டுவிட்டாள். நாங்கள் கூச்சத்தினால் வேறு பக்கம் பார்த்தோம். வழிகாட்டியும் வேறு பக்கம் பார்த்தார்.

பெரியவர் சக்கரத்தை நிறுத்தினார். கோபித்துக் கொள்ளவில்லை. "மாதாஜி, இந்த வேலையை எனக்கு என் தகப்பனார் கற்றுக் கொடுத்தார். அவருக்கு அவர் தகப்பனார் கற்றுக் கொடுத்தார். எழுத்தில் எங்கும் இது கிடையாது. கையைப் பிடித்துத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். எல்லார் கையையும் வெட்டியிருந்தால் எங்களுக்கு யார் கற்றுக் கொடுத்திருப்பார்கள்?" என்றார்.

அப்புறம் வலது கையை விரித்துப் பையனிடம் காட்டினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் பாதிதான் இருந்தது. விரல் நுனி வழுவழுவென்று தேய்ந்து, ரேகையே இல்லாமல் இருந்தது.

"பாதுஷா வெட்டவில்லை, குழந்தாய். இந்தச் சக்கரந்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது" என்று சிரித்தார்.

அவருக்குக் கூலி துண்டுக் கணக்கில் என்றும், ஒரு சிறு பெட்டியின் மூடிக்கு நாலைந்து நாள் பிடிக்கும் என்றும், கண் மங்கிவிட்டபடியால் இப்போது பெரிய பூக்கள்தான் செய்ய முடிகிறது என்றும் பாட்டி விசாரித்துத் தெரிந்து கொண்டாள். பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லையாம். ஒருவன் மோட்டார் ஓட்டுகிறானாம். ஒருவன் செருப்புத் தொழிற்சாலையில் இருக்கிறானாம். உள்ளே கண்ணாடி அலமாரிகளில் இருந்த மேஜைப் பலகைகளின் விலையைக் கேட்டோம். அந்த விலைக்கும் இந்த விரல்களுக்கும் உள்ள தூரம் டில்லிக்கும் ஆக்ராவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் என்று தோன்றிற்று.

நாங்கள் ஒரு சிறு சிமிழ் வாங்கினோம். பாட்டி பையைத் திறந்து, ரயிலுக்காகக் கொண்டு வந்திருந்த கைமுறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தாள். "இதுவும் கைவேலைதான், என் அம்மா கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தாள்" என்றாள். அவர் ஒன்றை எடுத்து, அதன் முறுக்கையெல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்குச் செய்வதுபோல் தலையை அசைத்தார்.

கோட்டையில்

ஆக்ராக் கோட்டைக்குப் போகும் வழியில் வழிகாட்டி மௌனமாக இருந்தார். கோட்டை வாசலுக்கு முன்னால் சத்ரபதி சிவாஜியின் குதிரைச் சிலை நிற்கிறது. 1666-ஆம் ஆண்டு மே மாதம் ஔரங்கசீப்பின் தர்பாருக்கு வந்து, அவமதிக்கப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, ஆகஸ்டு மாதத்தில் காவலர் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பிச் சென்ற வீரர் அவர். அந்தச் சிலையின் அருகே வழிகாட்டி நின்றார்.

"ஸார், குழந்தையிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றார். பையனிடம் திரும்பி, பரீட்சையில் ஒப்பிக்கும் மாணவனைப்போல் கடகடவென்று சொல்லத் தொடங்கினார்:

"தாஜ்மஹாலைக் கட்டிய சிற்பியின் பெயர் உஸ்தாத் அஹமத் லாஹோரி என்று சொல்வார்கள். பாதுஷா அவர் கையை வெட்டவில்லை. 1639-ல் டில்லியில் செங்கோட்டையைக் கட்ட ஆரம்பித்தபோது அந்த வேலையையும் அவரிடமே கொடுத்தார். தாஜ்மஹாலின் சுவரில் எழுத்துக்களைப் பொறித்தவர் அமானத் கான். அவர் உள்ளே தம்முடைய பெயரையும் பொறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாதுஷா அனுமதித்தார். கல் தச்சர்களும் தாங்கள் செதுக்கிய கற்களில் நட்சத்திரம், முக்கோணம் என்று அவரவர் அடையாளத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அக்கரையில் கறுப்புத் தாஜ்மஹாலும் கிடையாது. அது தவேர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதி வைத்த கதை. 1990-க்குப் பிறகு தோண்டிப் பார்த்தார்கள். நிலா வெளிச்சத்தில் உலாவுவதற்கான தோட்டமும் குளமும் இருந்தன. கறுப்பாய்க் கிடந்த கல்லைத் தேய்த்தால் வெள்ளைக் கல்லாக இருந்தது."

நாங்கள் அசந்துபோய், "இவ்வளவும் தெரிந்துகொண்டா அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

"இதையெல்லாம் எழுதித்தான் ஸார் லைசென்ஸ் பரீட்சையில் தேறினேன். பரீட்சைக்குப் படித்தது ஒன்று. பிழைப்புக்குச் சொல்வது ஒன்று. கை வெட்டிய கதையைச் சொல்லாவிட்டால், 'இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்கிறார்கள். பல பேர் அதைக் கேட்பதற்கென்றே வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்" என்றார்.

இந்தப் பதிலில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தபடியால் மேலே ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு கோட்டையைப் பார்த்த ஒன்றரை மணி நேரந்தான் அன்றைய தினத்தின் சிறந்த பகுதி. பையன் ஒவ்வொரு தடவையும், "இது நிஜமா?" என்று கேட்பான். வழிகாட்டி, "நிஜம்" என்றோ, "ஜனங்கள் சொல்வது" என்றோ பதில் சொல்லுவார். அக்பர் 1565-ல் தொடங்கிக் கட்டிய கோட்டை இது, அது நிஜம். உள்ளே இருந்த கட்டிடங்களில் அக்பர் காலத்தவை பெரும்பாலும் இன்று இல்லை. சிலவற்றை ஷாஜஹானே இடித்துவிட்டுச் சலவைக்கல் மாளிகைகள் எழுப்பினார். பலவற்றை வெள்ளைக்காரர்கள் இடித்துச் சிப்பாய்களுக்குக் கொட்டடி கட்டினார்கள். அதுவும் நிஜம். ராஜ சபை கூடிய திவான்-இ-ஆம் மண்டபத்தின் எதிரே, முற்றத்தில், ஓர் ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது கோட்டைக்குள் அடைபட்டு அங்கேயே இறந்துபோன லெப்டினண்ட் கவர்னர் கால்வின் என்பவருடையது அது. பாதுஷாவைப் பார்க்கக் குடிஜனங்கள் நின்ற இடத்தில் அந்தக் கல் நிற்கிறது.

கோட்டைக்குள் ஓர் அறையில் மிகப் பெரிய மரக் கதவு ஒன்றை வைத்திருக்கிறார்கள். உயரம் பதினாறரை அடி. "இதன் கதைதான் எல்லாவற்றிலும் பெரிய கதை" என்றார் வழிகாட்டி.

1842-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை காபூலில் பெருந்தோல்வி அடைந்தது. பிறகு பழிவாங்கப் போன படை திரும்பும்போது, கஜினியில் முகம்மதுவின் சமாதியிலிருந்து இந்தக் கதவைப் பெயர்த்து எடுத்து வரும்படி கவர்னர்-ஜெனரல் எல்லன்பரோ பிரபு உத்தரவிட்டார். 1025-26-ல் கஜினி முகம்மது சோமநாதபுரத்திலிருந்து கொள்ளை கொண்டு போன சந்தனக் கதவு இதுவே என்றும், எண்ணூறு வருஷத்து அவமானத்தைத் தாம் துடைத்து விட்டதாகவும் இந்தியாவின் அரசர்களுக்கெல்லாம் ஓர் அறிக்கை விட்டார். கதவை ஊர்வலமாக ஆக்ரா வரையில் கொண்டு வந்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் அது சந்தன மரமே அல்ல, தேவதாரு. வேலைப்பாடு கூர்ஜரத்து வேலை அல்ல, கஜினி நாட்டு வேலை. அதில் செதுக்கியிருந்த எழுத்து அரபு எழுத்து. சோமநாதபுரத்துக்கு அனுப்பவும் முடியாமல், கஜினிக்குத் திருப்பவும் மனமில்லாமல், கதவு இங்கேயே நின்றுவிட்டது.

வழிகாட்டி நாலு காசுக்காகச் சொன்ன கதை ஒரு குழந்தையின் பகற்பொழுதைக் கெடுத்தது. ராஜப்பிரதிநிதி சொன்ன கதையோ, தம்முடைய தோல்வியை மறைப்பதற்காக, இந்நாட்டில் ஒருவரோடொருவர் வாழும் இரண்டு சமூகங்களின் நடுவில் பழைய புண்ணைக் கிளறிவிடப் பார்த்தது. கதவு பொய் என்று தெரிந்துவிட்டது. கிளறிய புண் அவ்வளவு எளிதில் ஆறவில்லை. புராதனக் கட்டிடங்களின் நிழலில் சொல்லப்படும் கதைகளை விளையாட்டாக எண்ணிவிடக்கூடாது என்பதற்கு அந்தத் தேவதாருக் கதவு நல்ல சாட்சி.

கடைசியாக, எட்டுப் பட்டை உள்ள முஸம்மன் பர்ஜ் மாடத்துக்கு வந்தோம். 1658-ல் ஔரங்கசீப் தகப்பனாரைக் கோட்டையில் காவலில் வைத்ததும், மகள் ஜஹானாரா உடனிருந்து பணிவிடை செய்ததும், எட்டு வருஷம் அப்படியே இருந்து 1666 ஜனவரியில் ஷாஜஹான் இறந்ததும் நிஜம். அங்கிருந்து பார்த்தால் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மஹால் தெரிகிறது. மாலை வெயிலில் அது லேசாக மஞ்சள் பூசியிருந்தது. பையன் கைகளைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "நட்சத்திரக் குறி போட்டவர் எந்தப் பக்கத்துக் கல்லைச் செதுக்கியிருப்பார்?" என்று கேட்டான். நாங்கள் போட்டோ எடுத்தோம்; இந்தத் தடவை அவன் மறுக்கவில்லை.

திரும்பும் வழியில்

மாலை 5-50க்கு ரயில். வழிகாட்டி பிளாட்பாரம் வரை வந்தார். பேசியபடி கொடுக்க வேண்டிய இனாமுக்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, "இது நிஜத்துக்கு" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கோட்டுப் பையில் போட்டார். நாளைக்கு வரும் கோஷ்டியிடம் எந்தக் கதையைச் சொல்லுவார் என்று நாங்கள் கேட்கவில்லை.

வண்டி புறப்பட்டது. வெளியே இருட்டிவிட்டது. பையன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு பத்தி பிரித்து, ஒன்றின் தலையில் "நிஜம்" என்றும் மற்றொன்றின் தலையில் "ஜனங்கள் சொல்வது" என்றும் எழுதினான். முதற் பத்தியில் உஸ்தாத் அஹமத், அமானத் கான், பல்வல் ஸ்டேஷன் எல்லாம் ஏறின. இரண்டாவது பத்தியில் வெட்டிய கைகளும் சந்தனக் கதவும். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

"தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையிலேயே விழாது என்று போன வருஷம் சொன்னீர்களே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறது?"

எங்களுக்கு மூச்சுப் பேச்சில்லை. 1010-ஆம் ஆண்டில் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டிலே, இராஜராஜப் பெருந்தச்சன் என்று சிற்பியின் பெயர் பொறித்திருக்கிறது. திருப்பணியில் பங்கு கொண்ட எத்தனையோ பேருடைய பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது பையனுக்கு நாங்கள் சொல்லவில்லை. நிழல் விழாத கதையைத்தான் சொல்லியிருந்தோம். அவன் ஆச்சரியப்பட்டுக் கேட்டதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டோம்.

பாட்டி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்:

"விழும்டா, குழந்தை. நன்றாய் விழும். நான் அந்த நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன்."

பையன் அதை முதற் பத்தியில் எழுதிக் கொண்டான்.